ஸ்டேஷனிலிருந்து ஐந்து நிமிடம்

ஊர் என்று சொல்லிக்கொள்ள ஒரு டீக்கடைகூட இல்லாத இடத்தில், மஞ்சள் பெயிண்ட் அடித்த மனைக்கற்கள் மட்டும் வரிசை பிசகாமல் குடியிருந்த காலத்தில், அந்தக் கற்களுக்கு வைரமாலை நகர் என்று பெயர் வைத்து, கொளத்தாஞ்சேரி ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்று வழவழப்பான தாளில் அச்சடித்து, மாம்பலத்திலும் கடற்கரையிலும் ரயிலுக்கு நிற்கிறவர்கள் கையில் எல்லாம் கொடுத்தார்கள். கொடுத்தவர்களுக்கும் அது பொய் என்று தெரியும், வாங்கியவர்களுக்கும் தெரியும். ஆனாலும் ஹவுஸ் ஓனர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்துத் தண்ணீரை நிறுத்தச் சொல்லும்போதெல்லாம் எடுத்துப் பார்த்துக்கொள்ள ஒரு பொய்யாவது வேண்டியிருக்கிறதே. எங்களை ஏமாளிகள் என்று பட்டணத்தில் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அந்தப் பொய்யை நாங்கள் என்ன செய்தோம் என்பதுதான் இந்தக் கதை.

முதலில் வந்தது செண்பகவல்லியின் குடும்பம். கோவில்பட்டிப் பக்கத்துப் பெண், மாம்பலத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் பில் போடுகிற வேலை. கணவன் ஆவுடையப்பன், கார் பாகங்கள் செய்யும் கம்பெனியில் ஷிப்டு பார்ப்பவன், வாய் பேசினால் தேய்ந்துவிடும் என்று நினைக்கிற ரகம். அவனுடைய அப்பா சங்கிலிபூதத்தான், தென்காசிப் பக்கம் பஸ் ஸ்டாண்டில் முப்பது வருஷம் டைம் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் விசில் ஊதாமல் அந்த ஸ்டாண்டிலிருந்து ஒரு பஸ்ஸும் நகர்ந்ததில்லை. ஒரு வயதுப் பெண்குழந்தை ஒன்று. பிறப்புச் சான்றிதழில் தன்விகா, தாத்தாவுக்கு மட்டும் பேச்சியம்மா. பால் காய்ச்ச வந்த அன்று ஸ்டேஷனில் இறங்கி, பாத்திரம் பண்டத்தோடு, இருபுறமும் பனைமரம் நின்ற மண்பாதையில் நடந்து வந்தார்கள். பூதத்தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பத்தொரு நிமிடம். ஐந்துக்குப் பக்கத்தில் ஒன்று போட மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்பு மூட்ட உட்கார்ந்தார்.

செண்பகத்தின் கஷ்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் பாதை முழுக்க அந்தக் கஷ்டத்தின் மேல்தான் போடப்பட்டது. காலையில் ஐந்து மணிக்கு அவள் கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். சாயங்காலம் ஏழு இருபதுக்கு அவளுடைய ரயில் கொளத்தாஞ்சேரிக்கு வரும். அங்கிருந்து ஐம்பத்தொரு நிமிடம் நடந்து வந்து சேர்ந்தால் பிள்ளை மறுபடி தூங்கிக்கொண்டிருக்கும். யாரும் அதைப் படுக்க வைக்க வேண்டியதில்லை, ஏழரை அடித்தால் வாயில் வைத்த சோற்றோடு சாய்ந்துவிடுகிற பிள்ளை அது. தட்டி எழுப்பினாலும் எழாது. ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் அவளுக்கு லீவு, கறி எடுத்துச் சமைத்து, வாரத்துத் துணியைத் துவைத்து முடிப்பதற்குள் அதுவும் போய்விடும். பிள்ளை நடக்கப் பழகியதையும், கடைவாய்ப் பல் முளைத்து அழுததையும், வார்த்தை வார்த்தையாகப் பேசியதையும் மாமனார் சொல்லித்தான் கேட்டுக்கொண்டாள். பெற்ற பிள்ளையின் கண் என்ன நிறம் என்று ரயிலில் ஒருத்தி கேட்டபோது சட்டென்று பதில் வரவில்லை என்று ஒருநாள் எங்களிடம் சொல்லி அழுதாள்.

இரண்டாவது குடும்பம் வந்து பால் காய்ச்சிய மறுநாள் செண்பகம் ஐம்பது நிமிடத்தில் வீட்டுக்கு வந்தாள். மூன்றாவது குடும்பம் வந்த மறுநாள் நாற்பத்தொன்பது. கால் பழகிவிட்டது என்று நினைத்தாள். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்றார் பூதத்தான். ஆனால் ஒவ்வொரு புது வீட்டிலும் பால் பொங்கி அடுப்பில் வழிய வழிய, பாதை ஒரு நிமிடம் ஒரு நிமிடமாகக் குறைந்துகொண்டே வந்தது. பனைமரங்கள் அறுபத்து மூன்றும் அப்படியேதான் இருந்தன, ஒன்று கூடக் குறையவில்லை. நடுவிலிருந்த வெறுமைதான் குறைந்தது. பாதையோர வயல்காரர்கள் பதறிப்போய் மனு எழுதிக் கொடுத்தார்கள், வி.ஏ.ஓ. வந்து அளந்து பார்த்தார், எவருடைய பட்டாவிலும் அரை சென்ட் குறையவில்லை, வரப்பு வரப்பாக எல்லாம் சரியாக இருந்தது. பாதை மட்டும் எட்டு நிமிடம் குறைவாக இருந்தது. ஆக்கிரமிப்பு ஏதும் இல்லை என்று எழுதி, எங்கள் வீட்டில் ஒரு மோர் வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். அதற்குமேல் அரசாங்கம் என்ன செய்ய முடியும்? ஷேர் ஆட்டோக்காரர்கள் கொஞ்ச நாள் முறைத்தார்கள், பிறகு ஸ்டேஷனுக்கு அந்தப் புறத்து ஊர்களுக்கு ஓட்டப் போய்விட்டார்கள்.

விஷயம் பிடிபட்டதும் செண்பகம் ஒரு காரியம் செய்தாள். லேடீஸ் பெட்டியில், அவரைக்காய் நறுக்கிக்கொண்டும் பூ கட்டிக்கொண்டும் ஒருத்தி தோளில் ஒருத்தி தூங்கிக்கொண்டும் வருகிற பெண்களிடம், எங்கள் ஏரியாவுக்கு வாருங்கள், காற்று நன்றாக வரும், தண்ணீர் கல்கண்டு, ஸ்டேஷனிலிருந்து ஐந்தே நிமிடம் என்று சொல்ல ஆரம்பித்தாள். மனை புரோக்கர் சொன்ன அதே பொய். ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணலாம் என்றால் ஒரு பொய் சொல்லி ஓர் ஊரைப் பண்ணக் கூடாதா? அவளை நம்பி வந்தவர்கள் முதல்நாள் முப்பத்தெட்டு நிமிடம் நடந்து வந்து அவளைத் திட்டினார்கள், மறுநாள் முப்பத்தேழு ஆனதும் யோசித்தார்கள், மாசம் திரும்புவதற்குள் அவர்களும் ரயிலில் உட்கார்ந்து அடுத்தவளிடம் ஐந்தே நிமிடம் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏமாந்தவர்கள் வந்து குடியேறக் குடியேற அந்தப் பொய் கொஞ்சம் கொஞ்சமாக உண்மையாகிக்கொண்டு வந்தது.

கெட்டும் பட்டணம் சேர் என்பார்கள். பட்டணத்தில் இடமில்லாதவர்கள் எல்லாரும் எங்களிடம் சேர்ந்தார்கள். ஆம்பூரிலிருந்து ஃபைரோஜா குடும்பம் வந்தது, பட்டணத்தில் பதினோரு வீட்டில் பெயரைக் கேட்டதும் வீடு காலியில்லை என்று சொல்லப்பட்ட குடும்பம். ஒடிசாவிலிருந்து வெல்டிங் வேலை பார்க்கிற தம்பதி வந்தார்கள். மிசோரம் நர்ஸுகள் மூன்று பேர் ஒரே வீட்டுக்கு வந்தார்கள். எங்கள் நலச் சங்கத் தலைவர் கோதண்டபாணி சார் வந்தவாசிக்காரர், தாசில்தாராக இருந்தவர். மாடி போர்ஷனுக்கு அவர் போட்டிருந்த பலகையில், சைவம் மட்டும், பேச்சிலர் கூடாது, நாய் கூடாது என்று வரிசையாக ஏழு நிபந்தனைகள் இருந்தன. இடுப்பு வலிக்காரர், ஸ்டேஷன் வரை நடக்க அவருக்கும் சிரமம். ஒரு நிபந்தனைக்கு ஒரு நிமிடம் என்ற வீதத்தில் ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டே வந்தார். கடைசியில் பலகையில் வீடு வாடகைக்கு என்பது மட்டும் மிஞ்சியது, அன்றைக்கே இரண்டு பேச்சிலர்கள் ஒரு நாயோடு வந்து பால் காய்ச்சினார்கள். அடுப்பு மூட்டத் தெரியாமல் அவர்கள் தவித்தபோது சார்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து ஊதினார். நிமிடத்துக்காகத்தான் செய்தார் என்று குறை சொல்லுகிறவர்கள் உண்டு. எதற்காகச் செய்தால் என்ன, செய்தாரா இல்லையா?

இப்படியாக இரண்டு வருஷம் போனது. ஆனால் ஒவ்வொரு வருஷமும் ஓர் இடத்தில் இடறினோம். தை பிறந்தால் வழி பிறக்கும் என்று உலகம் சொல்கிறது, எங்களுக்குத் தை பிறந்தால் வழி நீண்டது. பொங்கலுக்கு எல்லாரும் சொந்த ஊருக்குப் போவோம், திரும்பி வந்து ஸ்டேஷனில் இறங்கினால் பாதை நாற்பது நிமிடத்துக்கு மேல் போகும். நாங்கள் அதற்குக் கண்டுபிடித்த காரணத்தை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது: சுமையால்தான் என்று நினைத்தோம். ஊரிலிருந்து அரிசி மூட்டை, தேங்காய், முறுக்கு டின், கட்டுக் கரும்பு என்று தலையிலும் தோளிலும் ஏற்றிக்கொண்டு நடந்தால் எந்தப் பாதையும் நீளத்தானே செய்யும்? அரிசி தீர்ந்த பிறகும் நீண்டே இருந்தபோது, ஊர்ச் சாப்பாட்டில் உடம்பு கனத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டோம். சித்திரை வாக்கில் மெல்ல மெல்லப் பழையபடி குறையும், நாங்களும் மறந்துவிடுவோம்.

உண்மையைச் சொன்னது ஃபைரோஜா. மூன்றாம் வருஷம் மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு நிற்கும்போது செண்பகத்திடம் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீங்க எல்லாம் பையைத் தூக்கிட்டுக் கிளம்புறீங்களே, அன்னிக்கே பாதை இழுத்துக்கும் அக்கா. ஒரு குடும்பம் தெரு முனை தாண்டினா ஒரு நிமிஷம். இங்கயே இருக்கிற நாங்க வருஷா வருஷம் பார்க்கிறோம். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

போனவர்களைக் கண்டு ஒரே நாளில் நீளுகிற பாதை, அவர்கள் திரும்பி வந்ததும் ஒரே நாளில் சுருங்குவதில்லை. கோபித்துக்கொண்டவர்கள் உடனே முகம் கொடுத்துப் பேசுவார்களா? மூன்று மாதம் பிடிக்கும். செண்பகம் குடத்தை அப்படியே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தாள், ஏனென்றால் அந்த மார்கழியில் பாதை பதினொரு நிமிடத்துக்கு வந்திருந்தது. ஏழு இருபதுக்கு ரயில், பதினொரு நிமிட நடை, ஏழரைக்குத் தூங்கிவிடுகிற பிள்ளை. ஒரு நிமிடம்தான் இடித்தது. முந்தின வாரம் ஒருநாள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு பாதை முழுக்க ஓடியே வந்திருந்தாள். சாய்ந்த பிள்ளை பாதிக் கண்ணைத் திறந்து அவளைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனது. அந்தச் சிரிப்புக்குப் பிறகு அவளால் விட முடியவில்லை.

பொங்கலுக்கு இரண்டு ஞாயிறு இருந்தது. வீடு வீடாகப் போனாள். இந்த வருஷம் யாரும் ஊருக்குப் போக வேண்டாம், பொங்கலை இங்கேயே வைப்போம் என்று கேட்டாள். பாதை சுருங்குவதை எங்களில் ஒருவரும் அதிசயமாக எடுத்துக்கொண்டதில்லை, ஆனால் இதைக் கேட்டதும் அதிசயப்பட்டுப் போனோம். பொங்கலுக்கு ஊருக்குப் போகாமல் ஒரு மனுஷன் இருக்க முடியுமா? அறுபது நாள் முன்னால் காலை எட்டு மணிக்கு இரண்டு போனை வைத்துக்கொண்டு, பல்கூட விளக்காமல், கண் இமைக்காமல் எடுத்த ரயில் டிக்கெட்டை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதா? சிலர் பார்க்கலாம் என்றார்கள், அதற்கு மாட்டோம் என்று அர்த்தம். கோதண்டபாணி சார் ஒளிவுமறைவில்லாமல் சொன்னார், பாதை நீண்டால் நடந்துகொள்ளலாம், வந்தவாசியில் அண்ணன் தம்பிக்கு என்ன பதில் சொல்வது என்று. செண்பகத்தின் அம்மா போனில் மாப்பிள்ளையோடு சண்டையா என்று மட்டும் கேட்டாள்.

எல்லாரையும்விடக் கடுமையாக எதிர்த்தவர் பூதத்தான்தான். ஒரு வாரம் முன்னாலேயே பையைக் கட்டிக் கதவோரம் வைத்திருந்தார்.

"ஏளா, சொந்த மண்ணுல பொங்கல் விடாம இந்தப் பொட்டக்காட்டுல விட்டா அது பொங்கலா? ஊருல நாலு பேரு என்ன பேசுவான்?"

"நாலு பேரு நாலு நாள் பேசுவாங்க மாமா," என்றாள் செண்பகம். "நான் பாக்கும்போது அவ தூங்குதா. அவ முழிக்கும்போது நான் ரயில்ல நிக்கேன். இந்தத் தையை விட்டா திரும்பச் சித்திரைதான். ஆனியில பள்ளிக்கூடத்துல போட்டுருவோம். நாலு வருஷம் போயிட்டு மாமா. எனக்கு அவ குரல்கூடப் பழகல."

பூதத்தான் இந்த மூன்று வருஷத்தில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருவுக்குள்ளேயே சுற்றியவர், பொங்கலுக்குப் போக வர மகன் வைத்த ஆட்டோவில் போய் வந்தவர், ஸ்டேஷன் பாதையில் முதல்நாளுக்குப் பிறகு நடந்ததே இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துவிட்டு, பேத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினார். போய் வந்தார். பிறகு தனியாக ஒருதரம் போய் வந்தார். ஒரு வண்டி ஐம்பத்தொரு நிமிடம் எடுத்த தடத்தைப் பதினொரு நிமிடத்தில் கடந்தால், ஓட்டினவனைக் கூப்பிட்டுக் கை கொடுக்கிறவர் அவர். கை கொடுக்க இங்கே யாரைக் கூப்பிடுவது? தெருவில் நின்று ஒவ்வொரு வீடாகப் பார்த்தார், ஃபைரோஜா வீட்டை, வெல்டர் வீட்டை, நர்ஸுகளின் கொடியில் காய்ந்த வெள்ளைச் சட்டைகளை, தலைவர் மாடியில் குரைத்துக்கொண்டிருந்த நாயை. வீட்டுக்குள் வந்து கதவோரத்துப் பையை அவிழ்த்து வேட்டிகளைத் திரும்பக் கொடியில் போட்டார்.

போகி அன்று காலையில் ஊருக்குப் போகிற எல்லா வீடும் பூட்டப்பட்டது. அரைப் பரீட்சை முடிந்த பிள்ளைகளைப் போல நாங்கள் பையும் பெட்டியுமாகத் தெருவில் இறங்கினோம். தெரு முனையில் பூதத்தான் நின்றுகொண்டிருந்தார், இஸ்திரி போட்ட காக்கிச் சட்டையில். நாங்கள் பக்கத்தில் போனதும் சட்டைப் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினார், ஒரே நீளமாக.

நின்றுவிட்டோம். இதை எப்படி விளக்குவது? எந்த ஊரில் பிறந்திருந்தாலும், பால்குடி நாளிலிருந்து எத்தனை பஸ் ஸ்டாண்டில் காத்துக் கிடந்திருக்கிறோம். டைம் கீப்பர் விசில் ஊதினால் ஏறின காலை இறக்கிவிடுகிற ஜனம் நாங்கள். கோதண்டபாணி சார் உட்பட ஒருவர் பாக்கியில்லாமல், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எந்த வண்டி என்ன ஆயிற்று என்று அவர் முகத்தைப் பார்த்தோம்.

"எல்லா வண்டியும் கேன்சல்," என்றார் பூதத்தான். குரலில் கெஞ்சலும் இல்லை, அதட்டலும் இல்லை, தகவல் சொல்லுகிற குரல். "என் மருமக சாயங்காலம் வரும்போது பிள்ள முழிச்சிருக்கணும். அவ்வளவுதான் விசயம். போணும்னு உள்ளவங்க போலாம், நான் தடுக்கல."

பிறகு பதினைந்து குடும்பம் போனது. வயதான தாய் தகப்பன் காத்திருப்பார்கள், அவர்களைக் குறை சொல்ல நான் யார்? மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, பஸ் ரத்தான சலிப்போடு முணுமுணுத்துக்கொண்டே வீட்டுக்குத் திரும்பினார்கள். கோதண்டபாணி சார் தெருவிலேயே நின்று வந்தவாசிக்குப் போன் போட்டு, வண்டி கேன்சலாகிவிட்டது என்று தம்பியிடம் சொன்னார். ஆவுடையப்பன் மூன்று நாள் முன்னாலேயே டிக்கெட்டை ரத்து செய்திருந்தான் என்பது அன்றைக்குத்தான் எங்களுக்குத் தெரிந்தது.

மறுநாள் தெருவில் அடுப்பு வைத்தோம். பொங்கல் பானைக்குக் கொளத்தாஞ்சேரிக் கடைத்தெருவில் அலைந்து, கிடைக்காதவர்கள் குக்கரின் மூடியைக் கழற்றிவிட்டு அதில் வைத்தார்கள். வெல்டர் பெண்டாட்டிக்கும் அன்றைக்குச் சங்கராந்தி. பச்சரிசியில் வெல்லமும் தேங்காயும் வாழைப்பழமும் பிசைந்து ஒரு குண்டான் நிறையக் கொண்டுவந்தாள், அடுப்பில் ஏற்றாமலே ஒரு பொங்கலா என்று எங்கள் பெண்கள் சந்தேகப்பட்டுவிட்டு மூன்று தரம் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஃபைரோஜா வீட்டு அடுப்பும் தெருவுக்கு வந்தது, ஆள் பத்தாத பானைகளை எல்லாம் அவள்தான் கிளறினாள். நர்ஸுகள் பொங்கலோ பொங்கல் என்று கத்தப் பழகிக்கொண்டார்கள், பழகிய பிறகு நிறுத்தத் தெரியவில்லை. பானை எந்தத் திசையில் பொங்குகிறது என்று பார்ப்பது வழக்கம்தானே? பார்த்தோம். அன்றைக்கு வைத்த அத்தனை பானையும், குக்கர்கள் உட்பட, ஸ்டேஷன் பக்கமாகவே பொங்கி வழிந்தன. இத்தனை பேர் இத்தனை ஊரை விட்டுவிட்டு ஒரு பெண்ணுக்காக ஒரு தெருவில் நின்று பால் பொங்க வைத்த அந்தக் காலையை நினைத்தால் எனக்கு இப்போதும் நெஞ்சு நிறைந்து போகிறது. இப்படிப்பட்ட ஜனத்தோடு குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும்.

போனவர்கள் இழுத்த நிமிடம் எத்தனை, பானைகள் குறைத்த நிமிடம் எத்தனை என்று கணக்குப் போட்டவர்கள் உண்டு, எனக்கு அந்த வேலை வேண்டாம். லீவெல்லாம் முடிந்து புதன்கிழமை சாயங்காலம் ஏழு இருபதுக்குச் செண்பகம் ரயிலை விட்டு இறங்கினாள். மேம்பாலப் படியிலிருந்து பார்த்தபோதே எங்கள் தண்ணீர்த் தொட்டி கிட்டத்தில் தெரிந்தது. அவள் ஓடவில்லை, ஓடப் பயமாக இருந்தது என்று பிறகு சொன்னாள். தோளோடு தோள் உரசி நின்ற அறுபத்து மூன்று பனைகளுக்கு நடுவே சாதாரணமாக நடந்து, ஏழு இருபத்தைந்துக்கு வீட்டு வாசலுக்கு வந்தாள்.

பிள்ளை தட்டின் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசஞ்சோறு தின்றுகொண்டிருந்தது. வாசலில் நின்றவளை ஏறிட்டுப் பார்த்தது, நன்றாக விழித்த கண்ணோடு. ஓடி வரவில்லை. குனிந்து தட்டைப் பார்த்தது, பிறகு தட்டைத் தாத்தா பக்கம் தள்ளிவிட்டது.

"கறி எங்க தாத்தா? ஞாயித்துக்கிழம ரசஞ்சோறா போடுவாங்க?"

இன்றைக்குப் புதன்கிழமை, கறியெல்லாம் கிடையாது, பேசாமல் தின்னு என்றார் பூதத்தான்.

"அம்மா வந்துருக்கால்லா," என்றது பிள்ளை. "அப்போ ஞாயித்துக்கிழமதான்."

முப்பது வருஷம் மணியிலும் தேதியிலும் ஒருவரையும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேச விடாத மனுஷன், சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தார். நிலையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலில் செருப்போடு, உள்ளே வரவும் தோன்றாமல் நின்ற மருமகளைப் பார்த்தார். பிறகு ஆணியிலிருந்த சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு, கறிக்கடை அடைப்பதற்குள் போய்விட வேண்டும் என்று வேகவேகமாகத் தெருவில் இறங்கி நடந்தார்.